படகிலே ஒரு குடித்தனம்

"உம்முடைய தம்பிக்கு இங்கிலாந்தில் எந்தத் தெருவில் வீடு?" என்று யாராவது கேட்டால் எனக்குத் தர்மசங்கடமாகிவிடும். தெருவே இல்லை என்று சொன்னால், "அடடா! உத்தியோகம் போய்விட்டதா?" என்று அனுதாபப்படுவார்கள். இதற்கு என் தாயார் ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தாள். "ஆற்றங்கரையிலே இருக்கிறான்" என்று சொல்லிவிடுவாள். ஆறு என்றது கால்வாயை. கரை என்றது ஜலத்தை. மற்றப்படி அவள் வார்த்தையில் பொய் கிடையாது!

என் தம்பி வசிப்பது படகில். கோடை விடுமுறையில் அம்மாவை அழைத்துக்கொண்டு நான் அங்கே போயிருந்தேன். சொந்தமாகத் துறை வைத்துக்கொள்ளாத படகுகள் சாதாரணமாக ஓரிடத்தில் 14 நாட்களுக்கு மேல் தங்கக்கூடாதென்று அந்நாட்டில் 1995-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று சொல்கிறது. ஆகவே, நாங்கள் புறப்படும்போது அவன் இருந்த இடம் ஒன்று. போய்ச் சேர்ந்தபோது இருந்த இடம் வேறு. கால்வாய்ப் பாலங்களுக்கெல்லாம் எண் உண்டு. அந்த எண்ணைக் கொண்டுதான் அவனைக் கண்டுபிடித்தோம்.

படகின் நீளம் 57 அடி. அகலம் 6 அடி 10 அங்குலம். "இதென்னடா, ரயில் வண்டியின் தாழ்வாரத்தை அறுத்து ஜலத்தில் விட்டாற்போல இருக்கிறது!" என்றாள் அம்மா. இந்த அகலத்துக்குக் காரணம் உண்டு. 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவின் சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுவரக் கால்வாய் அமைத்தவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத மனிதர். பிற்பாடு அவர் வெட்டிய கால்வாய்களில், படகை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் 'லாக்' என்ற மடைக்கதவு அறைகளைச் சுமார் 7 அடி அகலத்தில் கட்டினார். அன்று முதல் இன்று வரை படகுகள் அந்த அளவுக்கு உடம்பைக் குறுக்கிக்கொண்டு வாழ்கின்றன.

உள்ளே அடுப்பு, கட்டில், புத்தக அலமாரி எல்லாம் வரிசையாக இருந்தன. ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் பக்கவாட்டில் திரும்பி வழிவிட வேண்டும். குளிருக்குக் கரி அடுப்பு. விளக்குக்குக் கூரைமேல் சூரிய வெப்பத் தகடுகள் அல்ல, சூரிய ஒளியை மின்சாரமாக்கும் தகடுகள். தண்ணீருக்குத் தொட்டி ஒன்று.

அந்தத் தொட்டியில்தான் வினை ஆரம்பித்தது. அம்மாவுக்குக் காலையும் மாலையும் ஸ்நானம் செய்தாக வேண்டும். மூன்றாம் நாள் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. "ஜலத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ஜலத்துக்குப் பஞ்சமா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். தண்ணீர்க் குழாய் இருக்கும் துறைக்குப் படகையே ஓட்டிச் சென்று நிரப்பிக்கொண்டு வந்தோம். வேகமோ மணிக்கு 4 மைலுக்கு மேல் கூடாது. நம் ஊர் வண்டி மாடு பார்த்தால் சிரிக்கும்!

மறுநாள் காலையில் நடந்ததுதான் பெரிய விஷயம். தம்பி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்தான். "அது என்னடா?" என்று அம்மா கேட்டாள். அது கழிவுப் பெட்டி. அதற்கென்று ஏற்பட்ட இடத்தில் கொட்டி, அலம்பிக்கொண்டு வரவேண்டும். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவன் திரும்பி வந்ததும், "இதற்காகவா உன்னை எம்.ஏ. வரையில் படிக்கவைத்தேன்?" என்று கண்ணீர் விட்டாள்.

தம்பி கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னான்: "அம்மா, என்னுடையதை நான் எடுக்காமல் வேறு யார் எடுக்கவேண்டும் என்கிறாய்?"

அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கோ, அந்தக் கேள்வி என்னை நோக்கிக் கேட்டதாகவே தோன்றியது. காந்தி மகான் தம் ஆசிரமத்தில் கக்கூஸ் சுத்தம் செய்ததைப் பற்றி இருபது வருஷமாக வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு நாளாவது நான் அந்த வேலையைச் செய்ததில்லை.

அன்று மாலை பிரான்ஸ்டன் என்ற ஊரில் இறங்கினோம். அங்கே இரண்டு கால்வாய்கள் கூடுகின்றன. குன்றின்மேல் ஒரு மாதா கோயில். பழைய படகுக்காரர்களின் கல்யாணங்களும் அடக்கங்களும் அங்கே நடப்பது வழக்கம். ரயில் வந்து போட்டி போட்டதும், கூலி குறைந்துபோன அந்த ஏழைகள் கரையில் இருந்த குடிசைகளை விட்டு, பெண்டாட்டி பிள்ளைகளுடன் படகிலேயே குடியேறினார்கள். சுமார் 10 அடி நீளமுள்ள ஓர் அறைக்குள் குடும்பம் முழுவதும் வசித்தது. இவர்களுக்காக ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இடைவிடாது வாதாடியதன் பலனாக 1877-லும் 1884-லும் சட்டங்கள் வந்தன. சட்டம் வந்தும், நாளைக்கு ஓர் ஊர் என்று திரிந்த குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிப்பது எளிதாக இருக்கவில்லை. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் உறைந்துபோனதும், எஞ்சியிருந்த சரக்குப் போக்குவரத்தும் பெரும்பாலும் நின்றது.

இதையெல்லாம் நான் விவரித்தபோது அம்மா அந்தக் கோயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பத்தடி அறையிலா பிள்ளை பெற்று வளர்த்தார்கள்?" என்றாள். பிறகு, "நான் இந்த வீட்டுக்கு மருமகளாய் வந்தபோது குளத்திலிருந்து எட்டுக் குடம் தண்ணீர் சுமப்பேன். ஒரு குடம் சிந்தினால் ஒரு குடம் குறைவுதான்" என்று தானாகவே சொன்னாள். மறுநாள் முதல் அவளுடைய ஸ்நானம் ஒரே வாளியில் முடிந்தது. பாத்திரம் கழுவிய ஜலத்தைக் கூரையில் இருந்த செடிகளுக்கு ஊற்றினாள்.

பிரான்ஸ்டனில் 6 லாக்குகள் இருக்கின்றன. அங்கே இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில் நுழையலாம். எங்களோடு வந்த படகில் இருந்த கிழவியும் அம்மாவும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாமலே, கதவின் நீண்ட மரக்கையில் முதுகைச் சாய்த்துத் தள்ளினார்கள். கதவு மெள்ள அசைந்தது. அம்மா அன்று சிரித்த சிரிப்பை நான் பல வருஷங்களாகப் பார்த்ததில்லை.

விடைபெறும்போது, "ஒரு வாசற்படி இல்லையே உனக்கு" என்று மட்டும் குறைப்பட்டாள். "வாசற்படி இருக்கிறதம்மா, தெருதான் மாறிக்கொண்டே இருக்கிறது" என்றான் தம்பி.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் உறவுக்காரர் ஒருவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் ஆற்றங்கரையை எதிர்பார்த்துக் காத்திருந்தேன்.

"படகிலே இருக்கிறான்" என்றாள் அம்மா. "அவன் வேலையையெல்லாம் அவனே செய்துகொள்கிறான்."