கம்ப்யூட்டர் குலுக்கினால் நீதியாகிவிடுமா?



"கம்ப்யூட்டர்தானே குலுக்கியது, அதில் என்ன பாகுபாடு?" என்றதும் நாம் வாயை மூடிக்கொள்கிறோம். இனி மூடாமல் கணக்குப் பார்ப்போம்.

ஒரு பைட் என்பது 0 முதல் 255 வரையான 256 எண்களில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் சமவாய்ப்பு. 100 விண்ணப்பங்களுக்கு, வந்த ஒழுங்கில் 0 முதல் 99 வரை இலக்கமிடுகிறோம் என்று வைப்போம். புரோகிராம் எழுதுபவர் பைட்டை 100ஆல் வகுத்து மீதியை எடுக்கிறார். பார்க்கச் சரிதான். ஆனால் 256இல் 100 இரண்டு முறை போய் 56 மிஞ்சுகிறது. அதனால் 0 முதல் 55 வரையான பிள்ளைகளுக்கு மூன்று வாய்ப்பு. 56 முதல் 99 வரை இரண்டே இரண்டு. யாரும் களவெடுக்கவில்லை, ஆனாலும் பிந்தி வந்த பிள்ளை குலுக்க முன்பே தோற்றுவிட்டது!

திருத்துவது கஷ்டமில்லை. 200 முதல் 255 வரை வந்தால் வீசிவிட்டு அடுத்த பைட்டை எடுக்க வேண்டும். தெரிந்தும் செய்யாதது சோம்பல். தெரியாமல் செய்வது பொறுப்பின்மை.

அடுத்த குலுக்கலில் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "மிஞ்சிய எண்களை என்ன செய்தீர்கள்?" பதில் இல்லையா? துண்டெழுதிப் பானையில் போட்டுக் குலுக்குங்கள். அதுவே மேல்.