விதிவிலக்கு எந்த விதியை நிரூபிக்கிறது?

விவாதத்தில் தோற்கும் தறுவாயில் இருப்பவர் கடைசியாகக் கையிலெடுக்கும் ஆங்கிலத் தொடர் ஒன்று உண்டு: 'தி எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் தி ரூல்.' விதிவிலக்கு விதியை நிரூபிக்கிறது என்று தமிழிலும் அது நடமாடுகிறது. பெண்களுக்குப் பெருநாவல் கைவராது என்கிறார் ஒருவர். 1871-72இல் 'மிடில்மார்ச்' எழுதிய ஜார்ஜ் எலியட் பெண்தானே என்று கேட்டால், சற்றும் அசராமல் இத்தொடரை எடுத்து வீசுகிறார். ஜேன் ஆஸ்டினைச் சொன்னால் அவரும் விதிவிலக்கு. எதிர்ச்சான்று பெருகப் பெருக விதி வலுப்பெறும் என்றால் அது தர்க்கமா, மாந்திரீகமா?

இது சட்டத்தின் வழியே வந்த தொடர். 'விலக்கப்படாத இடங்களில்' என்ற அதன் லத்தீன் வடிவத்தின் பின்பாதியை நாம் தொலைத்துவிட்டோம். கி.மு. 56இல் பால்பஸ் என்பவரின் ரோமானியக் குடியுரிமைக்காக வாதாடினார் சிசரோ. வேறு சில இனத்தாருடன் செய்த ஒப்பந்தங்களில், அவர்களுக்குக் குடியுரிமை வழங்கலாகாது என்று தனியே விலக்கி எழுதியிருந்தார்கள். அப்படி எழுத நேர்ந்ததே, எழுதாத இடங்களில் வழங்கலாம் என்பதற்குச் சான்று என்றார் அவர். வழக்கு வென்றது.

'ஞாயிற்றுக்கிழமை வாகனம் நிறுத்தக் கட்டணமில்லை' என்றொரு பலகை. மற்ற ஆறு நாளும் கட்டணம் உண்டு என்று அதில் எழுதவில்லை. எழுதாத அவ்விதியை இந்த விலக்கே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இப்பலகையைச் சுட்டி அத்தொடரைச் சொன்னால் சரி, எலியட்டைச் சுட்டிச் சொன்னால் பிழை. பலகையில் விதியை வகுத்தவரே விலக்கையும் வகுத்தார். எலியட்டுக்கு எவரும் விலக்கு அளிக்கவில்லை. அவர் எழுதினார், விதி உடைந்தது.

'ப்ரூவ்' என்றால் 'சோதித்தல்' என்ற பழம்பொருளும் உண்டே என்று சிலர் வருவார்கள். தொடரின் சட்டப் பிறப்புக்கு அவ்விளக்கம் பொருந்தாது. ஒரு பேச்சுக்கு ஏற்றுக்கொண்டாலும், சோதனையில் தோற்ற விதியை ஏன் இன்னும் தோளில் சுமக்கிறீர்கள்?

மொழி மாறும், வழக்கே இலக்கணம் என்பதும் எனக்கு உடன்பாடே. ஆனால் இங்கே மாறியது சொல்லின் பொருள் மட்டுமன்று; சான்றுக்குப் பதில் சொல்லும் கடமையே கைகழுவப்படுகிறது. ஃபௌலர் 1926இலேயே தம் ஆங்கில வழக்கு நூலில் இக்குழப்பத்தைப் பிரித்துக் காட்டிவிட்டார். நூறாண்டு கழிந்தும் நாம் திருந்தவில்லை.

ஆகவே, அடுத்தமுறை எவரேனும் இத்தொடரை உச்சரித்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்த விலக்கை வழங்கியது யார்? பதில் இல்லையென்றால் அது விதிவிலக்கு அன்று, மறுப்பு.