பேச மறுக்கும் போர்டு

2004 ஜனவரி 21. ஸ்பிரிட் என்ற ஆறு சக்கர ரோவர் செவ்வாய் கிரகத்தில் இறங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அன்று காலை வழக்கம்போல பூமியிலிருந்து உத்தரவுகள் போயின. ஆனால், வர வேண்டிய படங்களும் தகவல்களும் வரவில்லை.

கலிஃபோர்னியாவில் இருக்கும் நாசாவின் ஜெட் புரபல்ஷன் லேபரட்டரி இன்ஜினீயர்கள் முதலில் மழையைத்தான் சந்தேகப்பட்டார்கள். ரோவரோடு பேசும் ஆன்டெனா ஆஸ்திரேலியாவின் கான்பெரா அருகே இருக்கிறது. அங்கே அப்போது இடியுடன் மழை. மழை விட்டது, ரோவர் மட்டும் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, வினாடிக்கு 120 பிட் என்ற ஆமை வேகத்தில் சில துண்டுத் தகவல்கள் வந்தன. அதில் தெரிந்த விஷயம் வயிற்றைக் கலக்கியது. ரோவரின் கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, பாதியிலேயே விழுகிறது, மறுபடி ஆன் ஆகிறது. இப்படி 60 தடவைக்கு மேல். இரவில் தூங்க வேண்டிய இயந்திரம் தூங்காமல் பேட்டரியைக் கரைத்துக்கொண்டிருந்தது.

லோகோவை மட்டும் காட்டிவிட்டு மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் ஆகும் செட்டப் பாக்ஸைப் பார்த்தவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. ஒரே வித்தியாசம், செவ்வாயில் பிளக்கைப் பிடுங்கிச் செருக ஆள் கிடையாது. ஸ்பிரிட்டும் அதன் ஜோடியான ஆப்பர்ச்சுனிட்டியும் சேர்ந்து சுமார் 82 கோடி டாலர் திட்டம். ஜோடி ரோவர் அதே வார இறுதியில் செவ்வாயின் மறுபக்கத்தில் இறங்கக் காத்திருந்தது. உள்ளே அதே கம்ப்யூட்டர், அதே சாஃப்ட்வேர்.

மண்டபமும் மாஸ்டரும்

ஸ்பிரிட்டுக்கு என்ன ஆனது என்று புரிய, இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்கள் எப்படிக் கண் விழிக்கின்றன என்று தெரிய வேண்டும்.

கல்யாண மண்டபத்துக்கு வரும் சமையல் மாஸ்டருக்கு ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கத் தெரியும். ஆனால் அந்த மண்டபத்தில் கேஸ் எங்கே திறப்பது, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம், ஸ்டோர் ரூம் சாவி எங்கே தொங்குகிறது என்று தெரியாது. மண்டபத்து ஆள் ஒருவர் கூடவே நின்று காட்டிக்கொடுத்தால்தான் அடுப்பு எரியும்.

ஆபரேட்டிங் சிஸ்டம் அந்த மாஸ்டர். சிப்களும் கம்பிகளும் உள்ள போர்டு அந்த மண்டபம். கூட நின்று காட்டிக்கொடுக்கும் ஆளுக்குப் பெயர் போர்டு சப்போர்ட் பேக்கேஜ், சுருக்கமாக பி.எஸ்.பி.

கரன்ட் வந்ததும் முதலில் ஓடும் பூட்லோடர், மெமரியும் மற்ற பாகங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லும் வரைபடம், ஒவ்வொரு பாகத்தையும் இயக்கும் டிரைவர்கள் ஆகியவை இதில் அடங்கும். ஒரே பிராசஸர் உள்ள இரண்டு போர்டுகளுக்குக்கூட ஒரே பி.எஸ்.பி பொருந்தும் என்று சொல்ல முடியாது. மண்டபம் மாறினால் குழாய் இருக்கும் இடமும் மாறும் அல்லவா?

வைஃபை ரூட்டர், காரின் டேஷ்போர்டு திரை, ஸ்மார்ட்போன் என எல்லாவற்றிலும் இந்த ஆள் உண்டு. நன்றாக ஓடும் போனுக்கு அப்டேட் நின்றுபோவதற்கும் இது ஒரு காரணம். புது ஆண்ட்ராய்டு வந்தாலும், அந்த போனின் சிப்புக்கு ஏற்ற பி.எஸ்.பி-யைச் சிப் கம்பெனி புதுப்பித்துத் தராவிட்டால், போன் கம்பெனி தனியாகச் செய்வது மிகவும் கஷ்டம்.

நோட்டு பெரிதானது

ஸ்பிரிட்டில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம். பிராசஸரின் வேகம் வெறும் 20 மெகாஹெர்ட்ஸ். ரேம் 128 எம்பி. படங்களையும் தகவல்களையும் சேமிக்க 256 எம்பி ஃப்ளாஷ் மெமரி.

அந்த ஃப்ளாஷில் பயணத்தின் ஏழு மாதங்களில் சேர்ந்த ஃபைல்களும், தரையிறங்கிய பிறகு சேர்ந்த ஃபைல்களும் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஃபைலை வைக்க இடம் இருந்தது. சிக்கல் வேறு இடத்தில். எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியலை ரேமில் விரித்து வைக்க வேண்டும். அழித்த ஃபைல்களும் பட்டியலில் தங்கள் வரியை விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்டோர் ரூமில் மூட்டை வைக்க இடம் இருக்கிறது, ஆனால் கணக்கு நோட்டு மேஜையில் அடங்காத அளவுக்குப் பெருத்துவிட்டது.

ரேம் போதாமல் போனதும் கம்ப்யூட்டர், தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி, ரீஸ்டார்ட் செய்தது. பெரும்பாலான கோளாறுகளுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் ஆன் ஆகும்போதே செய்ய வேண்டிய வேலைகளில் ஒன்று, ஃப்ளாஷைத் திறந்து அந்தப் பட்டியலை ரேமில் விரிப்பது. மறுபடி ரேம் போதவில்லை, மறுபடி ரீஸ்டார்ட். மருந்தே நோயானது.

பழைய ஃபைல்களை அழிக்க ஒரு புரோகிராமை இரண்டு பகுதியாக அனுப்பும் வேலை சில நாள்களுக்கு முன்பே நடந்தது. அதில் ஒரு பகுதி சரியாகப் போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்ப நாள் குறித்திருந்தார்கள். அதற்குள் ரோவர் விழுந்துவிட்டது.

ஸ்டோர் ரூமைத் திறக்காதே

கைகொடுத்தது, ரோவரை வடிவமைத்தபோதே வைத்திருந்த ஒரு பின்வாசல். 'ஃப்ளாஷைத் தொடாமல், ரேமை மட்டும் வைத்து ஆன் ஆகு' என்று ஒரு உத்தரவு ஏற்கெனவே சாஃப்ட்வேரில் இருந்தது. படம் சேமிக்க முடியாது, பல வேலைகள் நடக்காது. ஆனால் ரோவர் விழாமல் நின்று பேசும்.

ஜனவரி 24 அன்று அந்த உத்தரவு போனது. பூமியிலிருந்து செவ்வாய்க்குச் சிக்னல் போய்ச் சேரவே அப்போது பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும், பதில் வர இன்னொரு பத்து. காத்திருந்தார்கள். ரோவர் விழவில்லை. மறுநாளே ஆப்பர்ச்சுனிட்டியும் பத்திரமாக இறங்கியது.

அதன் பிறகும் அவசரப்படவில்லை. ஒவ்வொரு நாளும் ரோவர் விழித்ததும் அதே உத்தரவைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். தகவல்களை இறக்கி, காரணத்தை உறுதிசெய்து, பழைய ஃபைல்களை அழித்து, கடைசியில் ஃப்ளாஷை முழுதாக ஃபார்மேட் செய்தார்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஸ்பிரிட் வேலைக்குத் திரும்பியது. 90 செவ்வாய் நாள்கள் உழைத்தால் போதும் என்று அனுப்பிய ரோவர், 2010 மார்ச் வரை பேசிக்கொண்டிருந்தது.

மேஜை மேலும் அதே விதிதான்

ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன போர்டை வாங்கி, சாஃப்ட்வேரை ஏற்றி, ஒன்றும் நடக்காமல் கறுப்புத் திரையைப் பார்த்து உட்காரும் கல்லூரி மாணவருக்கும் இதே வழிதான். கேமரா, வைஃபை, தொடுதிரை என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஓட வைக்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலான இரவுகள் வீணாகின்றன.

முதலில் போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரையும் பதிப்பு எண்ணையும் படிக்க வேண்டும். பி.எஸ்.பி அதே பதிப்புக்கானதுதானா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து கரன்ட். பழைய போன் சார்ஜரில் ஓட்டினால், லேசான வேலையில் ஓடிவிட்டு, கனமான வேலை வந்ததும் போர்டு விழும். பழி சாஃப்ட்வேர் மேல் போகும். ராஸ்பெர்ரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும்.

மூன்றாவது, போர்டின் வாய். பெரும்பாலான போர்டுகளில் சீரியல் கன்சோல் என்று மூன்று பின்கள் உண்டு. ஒன்று பேசும், ஒன்று கேட்கும், ஒன்று கிரவுண்ட். போர்டு பேசும் கம்பி கம்ப்யூட்டர் கேட்கும் கம்பியோடு சேர வேண்டும். 3.3 வோல்ட் போர்டில் 5 வோல்ட் கேபிளைச் செருகினால் சிப் போய்விடலாம். திரையில் கிறுக்கல் எழுத்துகள் வந்தால் பயப்பட வேண்டாம். போர்டு பேசுகிறது, வேகம்தான் பொருந்தவில்லை. பல போர்டுகளில் அது 115200.

வாய் திறந்துவிட்டால், அது கடைசியாகச் சொன்ன வரிதான் துப்பு. ஒரு வரியும் வராவிட்டால் கரன்ட், மெமரி கார்டு, பூட்லோடர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பல வரிகள் ஓடி, ரூட் ஃபைல் சிஸ்டம் கிடைக்கவில்லை என்று நின்றால், மாஸ்டர் வந்துவிட்டார், ஸ்டோர் ரூமைத்தான் காணோம் என்று அர்த்தம்.

பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்ததை நோட்டில் எழுதிவிட்டு அடுத்தது. மூன்றை ஒன்றாக மாற்றி போர்டு ஓடிவிட்டால், எதனால் ஓடியது என்று தெரியாது. நாளை நின்றால் எதனால் நின்றது என்றும் தெரியாது.

இதே பின்வாசல் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் உண்டு. பெயர் சேஃப் மோட். பல போன்களில் பவர் மெனுவில் வரும் 'பவர் ஆஃப்' பட்டனை அழுத்திப் பிடித்தால் அது வரும். டவுன்லோடு செய்த ஆப்களைத் தொடாமல் போன் ஆன் ஆகும். அதில் போன் ஒழுங்காக ஓடினால், குற்றவாளி பெரும்பாலும் ஏதோ ஒரு ஆப். கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தால் போன் பழைய நிலைக்கு வந்துவிடும். எல்லாவற்றையும் அழிக்கும் ஃபேக்டரி ரீசெட்டில் கை வைப்பதற்கு முன்னால், இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்தால் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் தப்பிக்கும்.