ஆஸ்கர் 2025: சிறந்த படம் 'அனோரா'வா, 'கான்க்ளேவ்'வா? ஓட்டுக் கணக்கு என்ன சொல்லுது?

97-வது ஆஸ்கர் விழாவுக்கு இன்னும் சில நாள்கள்தான். மார்ச் 2, லாஸ் ஏஞ்சலஸ் டால்பி தியேட்டர். நமக்கு மார்ச் 3, திங்கள் அதிகாலை. போன வருஷம் இந்நேரம் 'ஓப்பன்ஹைமர்'தான்னு எல்லோருக்கும் தெரிஞ்சிருந்தது. இந்த வருஷம் அப்படி இல்லை, செம டைட் ஃபைட்!

சிறந்த படத்துக்கான லிஸ்ட்டில் 10 படங்கள். 13 நாமினேஷனோடு முன்னாடி நின்ற 'எமிலியா பெரெஸ்', அதன் நாயகியோட பழைய ட்வீட்கள் கிளப்பிய சர்ச்சையில் சறுக்கிவிட்டது. கோல்டன் குளோப் வாங்கிய 'தி ப்ரூட்டலிஸ்ட்', அதற்குப் பிறகு வந்த சங்க விருதுகளில் பின்தங்கிவிட்டது. மிச்சம் இரண்டு பேர். ரஷ்யப் பணக்கார வீட்டுப் பையனைக் கல்யாணம் பண்ணும் பாலியல் தொழிலாளியின் கதையான 'அனோரா'. போப் இறந்த பிறகு அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் ஓட்டெடுப்பைச் சொல்லும் 'கான்க்ளேவ்'.

பிரியாணி ஜெயிப்பது எப்படி?

மற்ற பிரிவுகளில் அதிக ஓட்டு வாங்கியவருக்கு விருது. சிறந்த படத்துக்கு மட்டும் கதை வேற. ஒவ்வொருவரும் படங்களை 1, 2, 3 என வரிசைப்படுத்த வேண்டும்.

பத்து ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து சாப்பாடு ஆர்டர் பண்றீங்கன்னு வைங்க. 4 பேர் பீட்சா, 3 பேர் பிரியாணி, 2 பேர் பரோட்டா, ஒருத்தர் நூடுல்ஸ். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லை. அதனால் கடைசியில் இருக்கும் நூடுல்ஸ் அவுட். அவரோட இரண்டாவது சாய்ஸ் பிரியாணி, ஓட்டு அங்கே போகும். அடுத்து பரோட்டா அவுட். அந்த இரண்டு பேரின் அடுத்த சாய்ஸும் பிரியாணின்னா, 6 ஓட்டோடு பிரியாணி வின்னர்! முதலில் லீடிங்கில் இருந்த பீட்சா காலி.

அதாவது, சிலர் வெறித்தனமாகக் கொண்டாடும் படத்தைவிட, பலரும் 2-வது, 3-வது இடத்தில் வைக்கும் படத்துக்கு இங்கே சான்ஸ் அதிகம். 'கான்க்ளேவ்' ரசிகர்களின் நம்பிக்கையே இதுதான். யாரையும் முகம் சுளிக்க வைக்காத, விறுவிறுப்பான படம். 'அனோரா'வில் இருக்கும் நிர்வாணக் காட்சிகளும் கெட்ட வார்த்தைகளும் வயதான உறுப்பினர்களை யோசிக்க வைக்கலாம்.

யார் கை ஓங்கியிருக்கு?

பிப்ரவரி 8, ஒரே ராத்திரியில் தயாரிப்பாளர் சங்க விருதும் இயக்குநர் சங்க விருதும் 'அனோரா'வுக்கு. 16-ம் தேதி பாஃப்டாவில் சிறந்த படம் 'கான்க்ளேவ்'. 23-ம் தேதி நடிகர் சங்கத்தின் சிறந்த நடிகர் குழு விருதும் அதற்கே.

வரலாறும் 'அனோரா'வைக் கொஞ்சம் பயமுறுத்துது. தயாரிப்பாளர், இயக்குநர் சங்க விருதுகள் இரண்டையும் வாங்கியும் ஆஸ்கரைக் கோட்டைவிட்ட படங்கள் உண்டு. 2006-ல் 'ப்ரோக்பேக் மவுன்டன்', 2017-ல் 'லா லா லேண்ட்', 2020-ல் '1917'. இதில் 2006-ல் ஜெயித்த 'க்ராஷ்', 2020-ல் ஜெயித்த 'பாரசைட்' இரண்டும் நடிகர் குழு விருது வாங்கிய படங்கள். இப்போ 'கான்க்ளேவ்' நிற்கும் இடம் அது!

ஆனா இரண்டு விஷயம் இடிக்குது. ஒன்று, 'கான்க்ளேவ்' இயக்குநர் எட்வர்ட் பெர்கருக்கு நாமினேஷனே இல்லை. கடந்த 30 வருஷத்தில் இயக்குநர் நாமினேஷன் இல்லாமல் ஜெயித்த படங்கள் மூன்றுதான்: 'ஆர்கோ', 'கிரீன் புக்', 'கோடா'. மூன்றுமே தயாரிப்பாளர் சங்க விருதை வாங்கியவை. அந்தச் சங்கமும் ஆஸ்கர் மாதிரியே வரிசைப்படுத்தித்தான் ஓட்டுப் போடுது. அங்கே ஜெயித்தது 'அனோரா'. அதாவது, 'பிரியாணி டெஸ்ட்'டில் அது ஏற்கெனவே பாஸ்.

இரண்டு, டைமிங். ஆஸ்கர் ஓட்டுப்பதிவு பிப்ரவரி 11-ல் தொடங்கி 18-ல் முடிஞ்சிருச்சு. நடிகர் சங்க விருதைப் பார்த்து யாரும் மனசு மாற வாய்ப்பே இல்லை. ஆனா 'அனோரா'வின் டபுள் வெற்றி, ஓட்டுப்பதிவு தொடங்க மூன்று நாள் முன்னாடி வந்தது.

ஜெயிச்சா என்ன ஆகும்?

சுமார் 60 லட்சம் டாலரில் எடுத்த படம் 'அனோரா'. ஹாலிவுட் கணக்கில் இது சில்லறைக் காசு. இயக்குநர் ஷான் பேக்கர், 'டேஞ்சரின்' படத்தை ஐபோனிலேயே ஷூட் பண்ணியவர். சின்ன படங்கள் எடுப்பவர்களுக்குக் கிடைக்கும் வருமானத்தில் வாழவே முடியலைன்னு, பிப்ரவரி 22 இண்டிபெண்டென்ட் ஸ்பிரிட் விருது மேடையில் ஓப்பனாகப் பேசினார். கேன்ஸில் தங்கப்பனை வாங்கிய இந்தப் படம் ஆஸ்கரையும் தூக்கினால், அடுத்த சின்ன படத்துக்குப் பணம் போட யோசிக்கும் தயாரிப்பாளருக்குக் கொஞ்சம் தைரியம் வரும். இந்தப் போட்டியில் நிஜமான பந்தயம் அதுதான்.

நம்ம கணிப்பு: 'அனோரா'. திங்கள் காலை லைவ் பார்க்கிறவங்களுக்கு ஒரு டிப்ஸ். எடிட்டிங் விருதைக் கவனிங்க. அந்தப் பிரிவில் இரண்டு படமும் போட்டியில் இருக்கு. 'அனோரா'வுக்கு எடிட்டரும் ஷான் பேக்கர்தான். அது அவர் கைக்குப் போனால், கடைசிக் கவரில் என்ன பேர் இருக்கும்னு ஓரளவு கெஸ் பண்ணிடலாம். 'கான்க்ளேவ்' தட்டிட்டுப் போனால், கடைசி நிமிஷம் வரை போனைக் கீழே வைக்காதீங்க!