கேளுங்கள்... சொல்கிறோம்!
டிரையர் சுற்றவில்லை... மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

“எங்கள் வீட்டில் இருப்பது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின். துவைக்கும் பக்கம் நன்றாக ஓடுகிறது. டிரையர் மட்டும் ‘உம்’மென்று சத்தம் போடுகிறது, சுற்றுவதில்லை. மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அம்மாவுக்குக் கைவலி. துணியைப் பிழிய முடியவில்லை. என்ன செய்வது?”

- வாசகி, நாமக்கல் மாவட்டம்.

செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் துவைக்க ஒரு மோட்டார், டிரையருக்குத் தனி மோட்டார். அதனால், ஒன்று ஓடி மற்றொன்று நிற்பது வழக்கமாக வரும் பழுதுதான். ‘உம்’மென்று சத்தம் வந்தாலே, மோட்டாருக்கு மின்சாரம் போகிறது என்று பொருள். அதாவது மூடி சுவிட்ச், டைமர் இரண்டும் சரி. சத்தமே வராவிட்டால்தான் அவற்றைச் சந்தேகப்பட வேண்டும்.

சுற்றாத டிரையரை மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கக் கூடாது. நின்ற நிலையில் மோட்டார் அதிக மின்சாரத்தை இழுக்கும். நல்ல மோட்டாரும் எரிந்துவிடும். மோட்டாரை மாற்றும் முன்பு இந்த மூன்றையும் வரிசையாகப் பார்க்கவும்.

மின்னழுத்தம்: சுற்றிலும் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். 230 வோல்ட்டில் மோட்டாருக்கு இருக்கும் இழுவிசை, 180 வோல்ட்டில் ஏறக்குறைய 60 சதவிகிதம்தான். பம்புகள் நின்ற பிறகு, துணி இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும். சுற்றினால், மெஷினில் கோளாறு இல்லை.

பிரேக்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றவும். டிரையர் மூடி மூடியிருக்கும்போது பிரேக் கட்டை விலகி நிற்க வேண்டும். ஒட்டியே இருந்தால், பிரேக் கம்பி தளர்ந்திருக்கும். கம்பியை இறுக்கினால் போதும். பிரேக் விலகியும் கையால் சுழற்ற முடியவில்லை என்றால், தொட்டிக்கு அடியில் கைக்குட்டை, சாக்ஸ் போன்றவை சிக்கியிருக்கலாம். அச்சு துருப்பிடித்தும் இருக்கலாம்.

கெப்பாசிட்டர்: கையால் எளிதாகச் சுழல்கிறது, கரன்ட் கொடுத்தால் ‘உம்’ என்று நிற்கிறது என்றால், பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான் பலவீனம். மோட்டாரின் விலையோடு பார்த்தால் இது சிறு செலவு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இதில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால், எலெக்ட்ரீஷியன்தான் மாற்ற வேண்டும். பழையதில் அச்சிட்டிருக்கும் மைக்ரோ ஃபாரட் அளவே புதியதிலும் இருக்க வேண்டும்.

மூன்றும் சரியாக இருந்தும் சுற்றவில்லை என்றால் மட்டுமே மோட்டாரை மாற்றலாம். ‘கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்தீர்களா?’ என்று மெக்கானிக்கிடம் கேட்பதில் தவறில்லை.

பழுது நீங்கிய பிறகு, வயல் சேறு படிந்த துணியை வெளியே அலசிவிட்டுப் போட்டால் வடிகுழாய் அடைக்காது. அடியில் வலை அடித்தால் எலி ஒயரைக் கடிக்காது. தொட்டி முழுவதுமாக நிற்கும் முன்பு யாரும் உள்ளே கைவிடக் கூடாது. குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிவைக்கவும்.