விடுபட்ட படி

விண்வெளிப் பயணத்தின் வரலாற்றை ஏறுபடிகளின் வரிசையாகவே நாம் கற்று வந்திருக்கிறோம். 1903இல் உருசியப் பள்ளி ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி, ஏவூர்தி இயக்கத்திற்கான சமன்பாட்டை வெளியிட்டார். 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவின் ஆபர்ன் என்னும் ஊரில் கோடார்டு ஏவிய முதல் திரவ எரிபொருள் ஏவூர்தி, இரண்டரை நொடிகள் மட்டுமே பறந்து வீழ்ந்தது. 1957இல் ஸ்புட்னிக், 1961இல் ககாரின், 1969இல் நிலவில் மனிதன். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆயினும் இந்த வரிசையில் ஒரு படி விடுபட்டுள்ளது. கால் வைக்கக் கூசும் படி என்பதாலேயே அது விடுபட்டது என்று கருதுகிறேன்.

அந்தப் படியின் பெயர் வி-2. நாசி ஜெர்மனியின் போர்க்கருவி. ஏறத்தாழ 14 மீட்டர் உயரமும் 12 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட அது, ஆல்ககாலையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து எழுந்தது. பால்டிக் கடலோரப் பீனமுண்டேயில் 1942 அக்டோபர் 3 அன்று அது முதன்முதலாக வெற்றியுடன் பறந்தது. 1944 ஜூனில் செங்குத்தாக ஏவப்பட்ட ஒரு வி-2, 170 கிலோமீட்டருக்கும் மேலே சென்றது. மனிதர் படைத்த பொருளொன்று விண்வெளியைத் தொட்டது அப்போதுதான். அதை வடிவமைத்த குழுவின் தலைவர் வெர்னர் வான் பிரவுன், பின்னாளில் அமெரிக்காவில் சாட்டர்ன் 5 ஏவூர்தியை உருவாக்கினார். நிலவுக்கு மனிதரைச் சுமந்து சென்றது அதுவே.

இதுவரை சொன்னவை பல நூல்களில் உள்ளவை. இனிச் சொல்வது அரிதாகவே காணப்படுவது.

1943 ஆகஸ்டில் பிரித்தானிய வானூர்திகள் பீனமுண்டேயின் மீது குண்டு வீசின. அதன்பின் வி-2 உற்பத்தி, நோர்ட்ஹவுசன் நகருக்கு அருகிலுள்ள ஒரு குன்றின் சுரங்கங்களுக்கு மாற்றப்பட்டது. அச்சுரங்கங்களை விரிவாக்கவும் ஏவூர்திகளைப் பொருத்தவும் வதைமுகாம் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் பிரெஞ்சுக்காரர், போலந்து நாட்டினர், சோவியத் நாட்டினர் எனப் பலர் இருந்தனர். அவர்களது முகாமின் பெயர் டோரா. முதல் சில மாதங்கள் அவர்கள் சுரங்கத்திற்குள்ளேயே அடுக்குக் கட்டில்களில் உறங்கினர். அருகிலேயே பாறைக்கு வெடி வைக்கப்பட்டது. தூசு அடங்கியதே இல்லை. குடிநீர் அரிது. பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்களே கழிப்பிடம். வேண்டுமென்றே பழுது செய்ததாக ஐயுறப்பட்டவர்கள், கனமான பாகங்களைத் தூக்கும் பளுதூக்கிகளிலேயே தூக்கிலிடப்பட்டனர். அம்முகாமுக்கும் அதன் கிளைகளுக்கும் கொண்டுவரப்பட்ட சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். வி-2 தாக்கிக் கொன்றவர்களைவிட, அதைச் செய்யும் பணியில் மடிந்தவர்களே மிகுதி என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு.

வான் பிரவுனும் அடக்குமுறையின் கீழ் வாழ்ந்தவரே என்று சிலர் வாதிடுவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1944இல் ரகசியக் காவல்துறை அவரையே கைது செய்து சில நாள் சிறையில் வைத்தது. ஆயினும் அவர் எஸ்.எஸ். படையில் பதவி வகித்தவர். அச்சுரங்கங்களுக்குப் பலமுறை சென்றதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். சுரங்க ஆலையின் உற்பத்தியைக் கவனித்த ஆர்தர் ருடால்ஃப், சாட்டர்ன் 5 திட்டத்தின் மேலாளராக உயர்ந்தார். பழைய செயல்கள் விசாரிக்கப்பட்டபோது, 1984இல் அமெரிக்காவை விட்டு வெளியேறினார்.

அறிவியலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சமன்பாட்டுக்குக் குற்றமில்லை, நிலவுப் பயணத்தின் பெருமையும் இதனால் குன்றாது. ஆனால், ‘யார் வடிவமைத்தார்?’ என்று வினவும் வினாத்தாள், ‘யார் கைகள் செய்தன?’ என்று வினவுவதே இல்லை. முதல் வினாவுக்கு ஒரு பெயர் எழுதினால் மதிப்பெண் கிடைக்கிறது. இரண்டாவதற்கு உரிய பெயர்களை நம்மில் எவரும் படித்ததில்லை. வடிவமைத்தவரின் பெயர் நிலவின் ஒரு பள்ளத்திற்கே சூட்டப்பட்டுவிட்டது. டோராவுக்குப் பாடநூலில் ஒரு பத்தியேனும் வேண்டும் என்பதே என் கோரிக்கை; அதனை அடிக்குறிப்பாக அன்றி, ஸ்புட்னிக்குக்கு முந்தைய பத்தியாகவே வைக்க வேண்டும்.

1945 ஏப்ரல் 11 அன்று அமெரிக்கப் படையினர் அம்முகாமை அடைந்தனர். இன்று அவ்விடம் நினைவிடமாக உள்ளது. சுரங்கத்தின் ஒரு பகுதிக்குள் பார்வையாளர் சென்று வரலாம். அங்கே தேங்கிய நீருக்கிடையே, பொருத்தி முடிக்கப்படாத ஏவூர்திகளின் துருவேறிய பாகங்கள் இன்னும் கிடக்கின்றன.