உண்ணிக்கு எந்தத் துறை?

விறகுக் கட்டோடு திரும்பும் ஒரு பெண், காட்டுப் பாதையோரம் குரங்கு ஒன்று செத்துக் கிடப்பதைப் பார்க்கிறார். அதை அவர் யாரிடமாவது சொல்வாரா, மாட்டாரா? நீலகிரியின் கூடலூர், பந்தலூர், முதுமலை விளிம்புக் கிராமங்களைப் பொறுத்தவரை இது சாதாரணக் கேள்வி இல்லை. அவர் சொல்வதைப் பொறுத்து அடுத்த சில வாரங்களில் அந்தப் பக்கம் நடமாடுகிறவர்களின் உயிர் இருக்கக்கூடும்.

1957இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் கூட்டமாகச் செத்து விழுந்தன. சுற்றுவட்டார மக்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. தென் அமெரிக்காவில் குரங்குகளைக் கொல்லும் மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்று விஞ்ஞானிகள் முதலில் பதறினார்கள். புனே வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் ஆராய்ந்தபோது, அது அதுவரை உலகம் அறியாத வைரஸ் என்றும், காட்டு உண்ணிகள் வழியாகப் பரவுகிறது என்றும் தெரிந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதை ‘மங்கன காயிலெ’ என்றார்கள். குரங்கு நோய் என்று பொருள். குரங்கின் சாவையும் மனிதரின் காய்ச்சலையும் முடிச்சுப் போட்டுப் பார்த்த கண் ஊர்மக்களுடையது.

உண்ணி நோய்களின் வரலாற்றில் இது தனித்த நிகழ்வு இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், லைம் என்ற ஊரைச் சுற்றிக் குழந்தைகள் பலருக்கு மூட்டுகள் வீங்குவதைப் பாலி மரே என்ற தாய் குறித்துவைத்துக்கொண்டே வந்தார். 1975இல் அவரும் இன்னொரு தாயும் சுகாதாரத் துறையின் கதவைத் தட்டிய பிறகே ஆய்வு தொடங்கியது. இன்று லைம் நோய் என்று உலகம் அறிந்திருப்பது அதைத்தான். கிருமியைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டும். ஆனால் ஏதோ சரியில்லை என்று முதலில் அறிகிறவர் அந்த மண்ணில் நடக்கிறவர்தான்.

அந்தக் காட்டின் பெயராலேயே அழைக்கப்படும் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் நீண்ட காலம் கர்நாடகத்தின் மலைநாட்டு நோயாகவே கருதப்பட்டது. 1983–84இல் தட்சிண கன்னட மாவட்டத்தில், முந்திரித் தோட்டத்துக்காகக் காடு வெட்டப்பட்ட பகுதியை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2012இன் இறுதியில் பந்திப்பூர் புலிகள் காப்பகத்தில் செத்த குரங்குகளைக் கையாண்ட வனப் பணியாளர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். அதே காலத்தில் நம் நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. பிறகு வயநாடு, மலப்புறம், கோவாவின் முந்திரித் தோட்டங்கள், மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் முதுகு நெடுக அது நகர்ந்திருக்கிறது. மாநில எல்லைப் பலகையைப் பார்த்து உண்ணி நிற்கப்போவதில்லை.

இந்தக் காய்ச்சல் பரவும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. காட்டுத் தரையின் சருகுக்குள் உண்ணி முட்டையிடுகிறது. மழைக்காலம் ஓயும்போது குஞ்சுகள் வெளிவந்து எலி, மூஞ்சூறு, குரங்கு என்று கிடைத்த உடம்பில் இரத்தம் குடிக்கின்றன. குடித்துத் தோலுரித்து, கசகசா அளவுள்ள இளம் உண்ணிகளாகி, ஏறத்தாழ டிசம்பர் முதல் மே வரை இலை நுனிகளிலும் சருகிலும் காத்திருக்கின்றன. மனிதரைக் கடிப்பவை பெரும்பாலும் இவையே. கடித்தால் வலிக்காது, எனவே தெரியாது. வளர்ந்த உண்ணிகள் மாடு போன்ற பெரிய விலங்குகளைத் தேடுகின்றன. மாட்டுக்கு நோய் வருவதில்லை. ஆனால் மேயப் போன மாடு உண்ணிக் கூட்டத்துக்கு உணவாகி அதைப் பெருக்கிவிடுகிறது. நோய் கண்ட குரங்கு இறந்ததும், உடல் குளிர்வதை உணர்ந்த உண்ணிகள் கொத்தாக உதிர்ந்து அந்த இடத்திலேயே அடுத்த உடம்புக்காகக் காத்திருக்கும். அதனால்தான் குரங்கு செத்த இடத்தைச் சுற்றி மருந்து தூவுகிறார்கள். தகவல் ஒரு நாள் தாமதித்தால், அந்த ஒரு நாளில் அவ்வழியே எத்தனை பேர் நடந்திருப்பார்கள்?

இங்கே குரங்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘குரங்குக் காய்ச்சல்’ என்ற பெயரைக் கேட்டதும் குரங்கை விரட்டவும் கொல்லவும் துடிக்கிறவர்கள் உண்டு. குரங்கு நம்மைப் போலவே உண்ணிக் கடிக்கு ஆளாகிச் சாகிற உயிர். அது நமக்கு முன்னால் விழுவதால் எச்சரிக்கையும் தருகிறது. குரங்கம்மை என்பது வேறு நோய். அதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்தக் காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே நோயுற்றவரின் வீட்டை ஒதுக்கிவைக்கக் காரணம் எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. செத்த குரங்கை ஆஞ்சநேயராகவே எண்ணி, மாலை போட்டுப் பாலூற்றி அடக்கம் செய்யும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் காட்டோர ஊர்களில் அந்த உடலைத் தொடக் கூடாது. தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுத் தகவல் சொல்வதால் மரியாதை குறைந்துவிடாது.

விறகு சுமந்த அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். அவர் ஏன் சொல்லாமல் போகக்கூடும்? சொன்னால் ‘நீ அங்கே எதற்குப் போனாய்?’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும் என்ற பயம். காப்புக்காட்டில் நுழைந்ததாக வழக்கு வருமோ, குரங்கைக் கொன்றதாகப் பழி வருமோ என்ற பயம். வன உரிமைச் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது. காட்டுநாயக்கர், பணியர், குரும்பர் மக்கள் தேனும் கிழங்கும் சிறு வனப்பொருளும் சேகரிக்கும் உரிமை ஏட்டில் இருக்கிறது. ஆனால் ஏட்டில் இருப்பது சோதனைச் சாவடியிலும் இருக்கிறதா? தகவல் சொல்பவர் மீது எந்த நடவடிக்கையும் வராது என்று வனத்துறை பகிரங்கமாக, ஊர்க்கூட்டத்தில் நின்று, அறிவிக்க வேண்டும். சுவரொட்டிகள் அதற்குப் பிறகு வரட்டும். பொறுப்பு எல்லோருக்கும் பொது என்று சொல்வது எளிது. அதிகாரம் கையில் இருப்பவர் முதல் அடி எடுத்துவைக்காமல், இல்லாதவரிடம் பொறுப்பைக் கேட்பது நியாயமாகாது.

அடுத்த சிக்கல் அலுவலகங்களுக்கு இடையில் இருக்கிறது. காய்ச்சல் மனிதருக்கு வந்தால் அது சுகாதாரத் துறையின் கோப்பு. மாட்டின் உண்ணி கால்நடை பராமரிப்புத் துறைக்கு. செத்த குரங்கு வனத்துறைக்கு. உண்ணி மட்டும் மூன்று இடத்திலும் இருக்கிறது. உண்ணிக்கு எந்தத் துறை? மூன்று துறைகளின் களப் பணியாளர்களும் ஊராட்சித் தலைவரும் எஸ்டேட் மேலாளரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருந்தாலே பாதி தாமதம் தீரும். நவம்பரில் ஒருமுறை, இளம் உண்ணிகள் கிளம்புவதற்கு முன்னால், அவர்கள் நேரில் கூடிப் பேச வேண்டும். எல்லையின் மூன்று பக்கமும், அதாவது கூடலூரும் வயநாடும் சாமராஜநகரும், ஒருவர் செய்தியை மற்றவருக்கு அன்றே சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவைப்படாது.

கர்நாடகத்தில் உண்ணி நெருங்காதிருக்கத் தோலில் பூசும் எண்ணெயைக் காடு சார்ந்த கிராமங்களில் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. நம் எல்லைக் கிராமங்களிலும் கொழுந்து பறிப்பவருக்கும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் மாடு மேய்ப்பவருக்கும் அது கிடைக்க வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கு அதை வாங்கிக் கொடுப்பது எஸ்டேட்டின் கடமை. ரிசார்ட் ஊழியருக்குக் கொடுப்பது ரிசார்ட்டின் கடமை. மசினகுடிக்கு இரண்டு நாள் வந்து போகிறவர்களும் முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, சருகில் உட்காராமல், செத்த விலங்கை நெருங்கிப் படமெடுக்காமல் இருந்தால் போதும். மாடு வைத்திருப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உண்ணி மருந்து போடலாம். காட்டில் மேய்ந்து வந்த மாட்டைப் பிள்ளைகள் படுக்கும் இடத்தை ஒட்டிக் கட்டாமல் இருக்கலாம்.

காட்டிலிருந்து வந்ததும் வெந்நீரில் குளித்து, உடுத்தியதை வெந்நீரில் போட்டு, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். ஒருவருக்கு இன்னொருவர் பார்ப்பது நல்லது. முதுகு நம் கண்ணுக்குத் தெரியாது. ஒட்டியிருக்கும் உண்ணிக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதும், சுண்ணாம்பு வைப்பதும், தீக்குச்சியால் சுடுவதும், நகத்தால் நசுக்குவதும் வேண்டாம். சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுத்துவிட்டு, சோப்பால் கழுவினால் போதும்.

கடித்து 3 முதல் 8 நாளுக்குள் திடீர்க் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடம்பு முறிவது போன்ற வலி வரலாம். சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசியும். டெங்கு என்றோ எலிக்காய்ச்சல் என்றோ நினைத்துவிட வாய்ப்பு அதிகம். அதனால் நோயாளி, கேட்காவிட்டாலும், ‘காட்டுப் பக்கம் போயிருந்தேன்’ என்று சொல்ல வேண்டும். மலையோர ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் அதை முதல் கேள்விகளில் ஒன்றாகக் கேட்க வேண்டும். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. நீர்ச்சத்து, இரத்தக் கசிவைக் கவனித்தல், சரியான நேரத்தில் பெரிய மருத்துவமனை, இவைதான் சிகிச்சை. ஆனாலும் நோய் கண்டவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரை அது கொண்டுபோய்விடுகிறது. பழைய தடுப்பூசியும் பலன் போதாமல் 2022இல் கர்நாடகத்தில் நிறுத்தப்பட்டது. நல்ல தடுப்பூசி ஊருக்கு வந்து சேரும்வரை நமக்கு இருக்கும் ஒரே முன்னறிவிப்பு, அந்தப் பாதையோரக் குரங்கும் அதைப் பார்த்தவரின் வாயும்தான்.

ரேஷன் கடைச் சுவரில், பள்ளிக்கூடத்து மதிலில், தோட்டத்துக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிவைப்போம். எடுப்பவர், ‘எங்கே பார்த்தீர்கள்?’ என்று மட்டும் கேட்கட்டும்.